வீட்டை அனுப்பு

பொனிட்டா, நெவாடா
அக்டோபர் 3, 1909

அன்புள்ள கணவர் சாம்சன் யூரென் அவர்களுக்கு, மனைவி திர்சா எழுதிக்கொண்டது.

நான் நலம், நீங்களும் நலந்தானே என்று தொடங்குவதுதான் முறை. அந்த வரியை எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நேற்று உங்கள் தந்தி வந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். 'வீட்டை அனுப்பு' என்றால் என்ன அர்த்தம்?

தந்தி ஆபீஸ் ஏம்ஸ் அதைக் கொண்டுவந்து நீட்டியபோது நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து உங்களிடமிருந்து வரும் முதல் சேதி. மாவுக் கையோடு வாங்கிப் படித்தேன். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றுமில்லை. இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் எங்கேயாவது விழுந்து கிடக்குமா என்று ஏம்ஸிடம் கேட்டேன். 'கம்பியில வர்ற சொல்லத்தாம்மா நான் புடிக்க முடியும், அர்த்தத்தப் புடிக்க முடியாது' என்றான். பிறகு மனசு கேட்காமல், பத்துச் சொல் வரைக்கும் ஒரே கட்டணந்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனான். அது எனக்கும் தெரியும். நீங்கள் இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். மீதி எட்டுச் சொல்லைத் தந்திக் கம்பெனிக்கே தானமாக விட்டுவிட்டீர்கள். 'நீயும் வா' என்பதற்கு அதில் தாராளமாக இடம் இருந்தது.

நீங்கள் கேட்கலாம், இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று. குழப்பம் நான் உண்டாக்கியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்டில் நீங்கள் டின்பக்கெட்டில் புதிதாகத் தங்கம் கண்டிருக்கிறார்கள் என்று சொல்லி மூட்டை கட்டினீர்களே, அன்றைக்கு நான் வாசலில் நின்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. 'இனி ஒரு ஊருக்கும் நான் வரமாட்டேன். வேணும்னா வீட்டத் தூக்கிட்டுப் போங்க, என்ன விட்டுருங்க' என்று கத்தினேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இந்த பொனிட்டா நமக்கு நான்காவது ஊர். மூன்று முறை பலகை பலகையாகப் பிரித்து, கோவேறு கழுதை வண்டியில் ஏற்றி, வந்த இடத்தில் பூட்டியாயிற்று. அதற்காகவெல்லாம் நான் கத்தவில்லை. இந்த முறை நம் குழந்தையைக் கிழக்கு மேட்டில் மண்ணுக்குள் வைத்துவிட்டு எப்படிக் கிளம்புவது என்றுதான் கத்தினேன். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் வீட்டை அனுப்பு என்கிறீர்கள். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, சரி, வீடு எனக்கு, நீ உன் வழியில் போ என்கிறீர்களா? அல்லது எல்லோரும் சொல்வதுபோலச் சொன்னீர்களா? நம் ஆட்கள் வீடு என்று சொன்னால் அதில் எல்லாமும் சேர்த்திதான். வண்டிக்கார வூகோ இன்று காலையில் அதைத்தான் அடித்துச் சொன்னார். 'தங்கச்சி, பதினாறு வருசமா வீடு ஏத்துறேன். வீடுன்னா நாலு சுவரு, கூரை, அடுப்பு, கட்டிலு, பொண்டாட்டி. பொண்டாட்டிக்குத் தனி வாடகை கேட்டதே இல்ல. கடைசி வண்டியில அடுப்புப் பக்கத்துல குந்திக்கிட்டு வந்துரும்.' எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பட்டியலில் கட்டிலுக்கு அப்புறந்தான் என் முறை வருகிறது, கவனித்தீர்களா?

விடுதிக்கார ஓர்ப்பாவிடமும் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. 'ஏண்டி பைத்தியமே, அடுப்ப அனுப்பச் சொல்றவன் சமைக்கிறவள வேண்டாம்னா சொல்வான்? கெளம்புடி' என்றாள். சாயங்காலம் தானே தேடி வந்து, 'யோசிச்சுப் பாத்தேன் திர்சா. என் ரெண்டாவது புருஷன் இப்படித்தான் கட்டில அனுப்புன்னு எழுதினான். அனுப்பினேன். அதுல வேற ஒருத்தி படுத்துக்கிட்டா' என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதற்கப்புறம் எப்படித் தூங்குவேன்?

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஊரே பெரிதாக இல்லை. போன வருடம் இரண்டாயிரம் பேர் இருந்த இடத்தில் இன்றைக்கு நாங்கள் பத்தொன்பது பேர். பாங்கைப் பிரித்துவிட்டார்கள், இரும்புப் பெட்டி மட்டும் கனம் தாங்காமல் நடுத்தெருவில் கிடக்கிறது, கழுதைகள் அதில் முதுகைத் தேய்த்துக்கொள்கின்றன. கோயில் மணியையும் யாரோ வந்து இறக்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்து மேசைகளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

டின்பக்கெட்டில் தந்தி ஆபீஸ் கிடையாதாம், ரயில் ஜங்ஷனுக்குப் போகிற எவனிடமோ சொல்லித்தான் நீங்கள் அனுப்பியிருப்பீர்கள் என்று ஏம்ஸ் சொன்னான். அப்படியானால் எட்டுச் சொல்லையும் அந்த ஆள் மறந்துவிட்டானோ என்று ஒரு நினைப்பு வருகிறது. பாருங்கள், உங்களுக்காக நானே சாக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து பதில் எழுதுங்கள். அதுவரை ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கமாட்டேன்.

உங்கள்
திர்சா


பொனிட்டா
அக்டோபர் 14

அன்புள்ள சாம்சன் அவர்களுக்கு,

பதினோரு நாளாயிற்று, பதில் இல்லை. கடிதம் வந்து சேரவில்லையா, வந்தும் நீங்கள் எழுதவில்லையா, எழுதியும் வழியில் நிற்கிறதா என்று மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்து எனக்கே அலுத்துவிட்டது. இதை வூகோ கையில் கொடுத்து அனுப்புகிறேன். மளிகைக் கடைக் கட்டடத்தை ஏற்றிக்கொண்டு இன்று டின்பக்கெட்டுக்குக் கிளம்புகிறார். போக நாலு நாள், காலி வண்டியோடு திரும்ப மூன்று நாள். உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் பிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவசரம் கூடிவிட்டது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு நம் தபால் ஆபீஸை மூடுகிறார்களாம். ஏம்ஸ் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறான். தந்திக் கம்பியும் அன்றோடு சரி. அதற்கப்புறம் பொனிட்டா என்று எழுதிப் போட்டால் எங்கே போகும் என்று கேட்டேன். 'எங்கயும் போகாதும்மா, அப்படி ஒரு ஊரே இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க' என்றான். நான் உள்ளே உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்கும்போதே ஊர் இல்லையாம்.

பலகைத் திருட்டும் தொடங்கிவிட்டது. குளிர் வருகிறது, சுற்றி முப்பது மைலுக்கு விறகுக்கு ஒரு மரம் கிடையாது. ஆள் போன வீடு ஒரு ராத்திரி தாங்காது. நேற்று காலையில் ஓர்ப்பா பின்பக்கம் போனவள் அதே வேகத்தில் திரும்பி வந்து, 'அடப்பாவிகளா, கக்கூஸ் கதவக்கூட விடலையேடா' என்று தெருவில் நின்று அரைமணி நேரம் திட்டினாள். கேட்க ஆள்தான் இல்லை. நம் வீட்டில் நான் இருப்பதால் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் நான் மேட்டுக்குப் போய்விட்டு வரும் அரைமணி நேரத்தில் என்ன ஆகும் என்று திண்ணமாகச் சொல்ல முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஓர்ப்பாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போகிறேன்.

ஆணி பிடுங்கமாட்டேன் என்று எழுதினேன். பிடுங்கவில்லை. ஆனால் பலகைகளுக்கு எண் மட்டும் போட்டு வைக்கலாம், எண் போட்டால் சம்மதித்ததாக ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சுண்ணக்கட்டியை எடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த துணியைக் கிழித்துப் பார்த்தால் உங்கள் பழைய எண்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. முதல் ஊரில் போட்டது கறுப்பு, இரண்டாவது சிவப்பு, மூன்றாவது நீலம். ஏழு என்ற எண்ணை நீங்கள் குறுக்கே கோடு போட்டுத்தான் எழுதுவீர்கள், ஒன்றோடு குழம்பாமல் இருக்க. நான் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன். முப்பத்தாறு வந்தது, அப்புறம் முப்பத்தெட்டு வந்தது. நடுவில் நீங்கள் எண்ணெய் டின்னை வெட்டி அடித்த தகரம்.

அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? மே மாதம் முழுக்க அந்த இடைவெளி வழியாகத்தான் அடுப்பங்கரைக்குள் காற்று வந்துகொண்டிருந்தது. அதை நீங்கள் சுவரிலிருந்து பிடுங்கி, மூன்று நாள் வாசற்படியில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் நம் மகள் பெயரைச் செதுக்கினீர்கள். யாரிடமும் பேசவில்லை. செதுக்கி முடித்துக் கொண்டுபோய் மேட்டில் நட்டுவிட்டு மறுநாள் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்கு வருத்தமே இல்லையோ என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. என்ன நினைக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

தகரத்துக்கு என்ன எண் போடுவது என்று தெரியாமல் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். வேலை அதோடு நிற்கிறது. ஓர்ப்பா வந்து பார்த்துவிட்டு, அந்தப் பலகையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடு, இங்கே விட்டால் எவனாவது அடுப்பில் வைத்துவிடுவான் என்கிறாள். பலகையைப் பிடுங்கிவிட்டால் அந்த இடம் எது என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவளே காபி போட்டாள்.

சாம்சன், நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீடு மட்டும் போதும் என்றால் அப்படியே எழுதிவிடுங்கள், வாசலில் நின்று கத்தமாட்டேன். கலிபோர்னியாவில், கிராஸ் வாலியில் என் அக்காள் இருக்கிறாள், அவளிடம் போய்விடுவேன். நானும் வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவைக்காதீர்கள். ஒரு நாள் பெட்டியில் துணியை அடுக்குகிறேன், மறுநாள் எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டுகிறேன்.

இருமல் இருந்தால் மார்பில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை எவள் போடுகிறாள் என்று கேட்கமாட்டேன், ஆனால் தெரிந்தால் நல்லது.

உங்கள்
திர்சா


பொனிட்டா
அக்டோபர் 28

அன்புள்ள என் சாம்சனுக்கு,

வூகோ ஒரு வாரத்துக்கு முன் திரும்பி வந்தார். கடிதம் இல்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, தாம் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

என் இரண்டு கடிதமும் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதாம், வியர்வையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய். நீங்கள் இன்னும் கூடாரத்தில்தான் படுக்கிறீர்களாம். ஆனால் மேட்டு நிலத்தில் ஓர் இடத்தைச் சமன் செய்து கல் பதித்திருக்கிறீர்களாம். வூகோ அதைக் காலால் அளந்து பார்த்திருக்கிறார். நம் வீட்டின் அளவேதான். அதோடு கிழக்கே இன்னும் ஆறடிக்கு, ஒரு சின்ன அறை அளவுக்குக் கல் போட்டிருக்கிறதாம். இது எதுக்கு என்று கேட்டதற்கு 'இருக்கட்டும்' என்றீர்களாம். பொண்டாட்டி வருதா என்று கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? 'வீட்ட அனுப்பச் சொல்லிருக்கேன்ல.' கடவுளே! மறுபடியும் அதே இரண்டு சொல். வாய்விட்டுப் பேசும்போது சொல்லுக்குக் கட்டணம் கிடையாதே, அங்கேயுமா கஞ்சத்தனம்?

அப்புறம் அந்தக் கம்பளி. வண்டி கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்து, உங்கள் கம்பளியை எடுத்து வூகோவிடம் கொடுத்தீர்களாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். 'யாருக்குய்யான்னு கேட்டேன் தங்கச்சி. வண்டி சீட்டுக்குன்னான். சீட்டுக்குக் குளிருதாம்!' நான் சிரிக்கவில்லை. வாங்கி மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெயும் உங்கள் புகையிலையும். கூடாரத்தில் இந்தக் குளிரில் நீங்கள் எதைப் போர்த்திக்கொள்கிறீர்கள்?

அன்றைக்கே வீட்டைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். வூகோவும் அவர் கூட்டாளியும் ஐந்து நாளில் பிரித்து முடித்தார்கள். எண் எல்லாம் நான்தான் போட்டேன், வெள்ளைச் சுண்ணத்தில். ஏழுக்கு உங்களைப்போலவே கோடு போட்டிருக்கிறேன். வண்டியில் ஏற்றியதும் வூகோ எண்ணிப் பார்த்துவிட்டு, 'ஒண்ணு கொறையுது, முப்பத்தேழக் காணோம், எவனோ சுட்டுட்டான்' என்று கூச்சல் போட்டார். நான் பதில் சொல்வதற்குள் தேடக் கிளம்பிவிட்டார். பலகை எரித்த சாம்பல் எங்கேயாவது தெரிகிறதா என்று ஊரைச் சுற்றினார். மேட்டுப் பக்கமும் போயிருக்கிறார். திரும்பி வரும்போது தொப்பி கையில் இருந்தது. நேரே போய்க் கயிறு கட்டத் தொடங்கினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டே, கல் கொண்டுவந்து சுற்றிலும் அடுக்கிவிட்டேன், இனி அந்தப் பலகையை யாரும் லேசில் பிடுங்க முடியாது என்றார்.

இப்போது வண்டி கிளம்பப் போகிறது. இந்தக் கடிதம் அதில்தான் வருகிறது. நான் வரவில்லை.

பதறாதீர்கள், முழுதும் படியுங்கள். வூகோ அடுப்புப் பக்கத்தில் எனக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருந்தார். ஏறத்தான் போனேன். ஒரு காலைச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டேன். அப்போது இந்தக் குழப்பம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நீங்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டபோதே ஏறக்குறையத் தெரிந்துவிட்டது, கம்பளியில் மீதியும் தெரிந்தது. ஆனால் கல்லிடமும் கம்பளியிடமும் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டியில் ஏறிவிட்டால் இனி ஆயுசு முழுக்க அப்படித்தான். நீங்கள் கல் பதிப்பீர்கள், நான் காலால் அளந்து பார்த்துப் புரிந்துகொள்வேன். அவளைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே கிழவன் கிழவி ஆகிவிடுவோம். எனக்கு அது முடியாது.

அதனால் வீட்டை அனுப்பிவிட்டேன், நீங்கள் கேட்டபடியே. நான் ஓர்ப்பாவின் விடுதியில் பின்னறையில் இருக்கிறேன். அவள் அடுப்பை வாங்க ஒருவன் நவம்பர் பத்தாம் தேதி வருகிறான். அன்றோடு அவளும் கலிபோர்னியாவுக்குக் கிளம்புகிறாள், ஆள் இல்லாத ஊரில் நான் தனியாக இருக்க முடியாது, அவளோடு ரயில் ஏறிவிடுவேன். இது மிரட்டல் இல்லை. இப்படி எழுதுவது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை. வூகோ தலையில் அடித்துக்கொள்கிறார். 'அவன் ஊமை, நீ பிடிவாதம், நடுவுல என் கழுதைங்கதான் புத்திசாலி' என்கிறார். இருக்கட்டும்.

பதில் எழுத வேண்டாம். நாளை மறுநாளுக்கு மறுநாள் தபால் ஆபீஸ் மூடிவிடும், அதற்கப்புறம் கடிதமும் வராது, தந்தியும் வராது. இனி இந்த ஊருக்கு நீங்கள் மட்டுந்தான் வர முடியும். வரும்போது கம்பளி போர்த்திக்கொண்டு வரமுடியாது, அது என்னிடம் இருக்கிறது. வேறு எதையாவது சுற்றிக்கொள்ளுங்கள், கணவாயில் பனி விழத் தொடங்கிவிட்டதாம். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வந்தால் நேராக விடுதிக்கு வரவேண்டாம், கிழக்கு மேட்டுக்குப் போங்கள். அங்கே நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஐந்து மாதமாக நீங்கள் அதைச் சொல்லவில்லை. நானும் இந்த மூன்று கடிதத்தில் ஒரு இடத்திலும் எழுதவில்லை, எழுதிவிட்டால் நீங்கள் வாய்க்குள் படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்வீர்கள் என்றுதான். சத்தமாகக் கூப்பிடுங்கள். ஊரில் வேறு சத்தமே இல்லை, எனக்குக் கேட்கும். நான் பெட்டியோடு வருகிறேன்.

இன்னும் உங்கள் மனைவி,
திர்சா